மூன்று கையெழுத்துக்கும் ஒரே மை

ஆடிட்டுக்கு முந்தைய நாள் சாயங்காலம். கிடங்கின் மூன்றாவது மாடியில், படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதன் கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். மாதத்துக்கு ஒரு கட்டம். முள் பச்சையில் நிற்கிறதா, கைப்பிடி ஊசியில் இருக்கும் சீல் உடையாமல் இருக்கிறதா, குழாயில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மாடி ஏறத்தான் சோம்பல். கீழ்த்தளத்து சிலிண்டர்களை மாதம் தவறாமல் பார்த்துவிடுகிற எனக்கு, இந்த ஒன்று மட்டும் இரண்டு மாதமாக விட்டுப்போயிருந்தது. முள்ளைப் பார்த்தேன். பச்சைக்கு நட்டநடுவில் இருந்தது. பேனாவை எடுத்து மூன்று கட்டங்களையும் நிரப்பினேன். மூன்று தேதி, மூன்று கையெழுத்து. கடைசிக் கையெழுத்தின் மை காய்வதற்குள் விரல் பட்டு லேசாக இழுவிக்கொண்டது.

டார்ச் பிடித்துக்கொண்டு கூட நின்றவன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "அண்ணா, இது மூணுமே இன்னைக்குப் போட்டதா?" என்று கேட்டான். குரலில் குத்தலோ கிண்டலோ இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டான். "முள்ளு பச்சையிலதானேடா நிக்குது" என்றேன். "ம்" என்றான். டார்ச்சை அணைத்துவிட்டு எனக்கு முன்னால் படியிறங்கினான்.

மறுநாள் வந்த ஆடிட்டர் கீழ்த்தளத்தில் இரண்டு அட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தலையாட்டி, கிளம்பிவிட்டார். மூன்றாவது மாடிக்கு யாரும் ஏறவில்லை. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கேட்டவன் வேறு யாராவது என்றால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். இவனுக்கும் எனக்கும் அதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு வாக்குவாதம் நடந்திருந்தது. அதில் நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது நிபந்தனை

அவனுக்கு ராணுவ அகாதமியில் சேர்ந்து அதிகாரியாக வேண்டும் என்று ஆசை. எழுத்துத் தேர்வு தாண்டி, நேர்காணலில் தேறாமல், அந்த ஏக்கத்தோடு எங்கள் கிடங்குக்கு வந்தவன். உலகத்தில் இருக்கிற அகாதமிகளின் கதையெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அமெரிக்க ராணுவ அகாதமியான வெஸ்ட் பாயின்ட்டின் ஹானர் கோடை, அதாவது கௌரவ விதியை, ஒப்பித்தான். ஒரே வரிதான்: கேடட் (பயிற்சி மாணவர்) பொய் சொல்லமாட்டார், ஏமாற்றமாட்டார், திருடமாட்டார், அப்படிச் செய்கிறவர்களைச் சகித்துக்கொள்ளவும் மாட்டார். முதல் மூன்றும் சரி, அந்த நாலாவதுதான் உதைக்கிறது என்றேன். தன் நேர்மையைத் தான் பார்த்துக்கொள்வது ஒழுக்கம். ஒரே அறையில் படுத்து, ஒரே சேற்றில் புரண்டு, நாளைக்கு ஒரே பதுங்குகுழியில் கிடக்கப்போகிறவனைப் போட்டுக்கொடுக்கச் சொல்வது என்ன ஒழுக்கம் என்று கேட்டேன். அவனுக்குப் பதில் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டான்.

நான் சொன்னதில் மொழியின் பலம் முழுக்க என் பக்கம் இருந்தது. காட்டிக்கொடுத்தவன், போட்டுக்கொடுத்தவன், கோள்சொல்லி, கூட இருந்தே குழி பறித்தவன் என்று ஒருவனை ஏசத் தமிழில் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. தப்பைத் தப்பென்று உரிய இடத்தில் போய்ச் சொன்னவனைப் பாராட்ட ஒரு வார்த்தை தேடிப்பாருங்கள், கிடைக்காது. அண்ணன் செய்வது அதர்மம் என்று வெளியேறிய விபீஷணனின் பெயர் நம் வாயில் இன்றைக்கும் வசவுதான். அதர்மம் என்று தெரிந்தே செஞ்சோற்றுக் கடன் தீர்க்கப் போர்க்களம் போன கும்பகர்ணனுக்குத்தான் நம் கண்ணீர். அப்படி ஒரு கதைமரபில் வளர்ந்தவனுக்கு அந்த நாலாவது நிபந்தனை கசக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு இரண்டு ராத்திரி, கசக்கிறது என்று நான் ஒதுக்கிவைத்த விஷயத்தையே தேடித்தேடி வாசித்தேன். மற்றவன் நம்மைப் பொறுத்துக்கொண்ட பிறகு பொறுத்துக்கொள்வதைப் பற்றிய கருத்து கொஞ்சம் ஆட்டம் காணும்போலிருக்கிறது.

முதலில் தட்டுப்பட்டது, பொய் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் விளக்கம். வார்த்தைக்கு வார்த்தை உண்மையாக இருந்து, கேட்பவர் தப்பாகப் புரிந்துகொள்ளட்டும் என்று சொல்லப்பட்டால் அதுவும் வெஸ்ட் பாயின்ட்டில் பொய்க் கணக்கில்தான் சேரும். தருமர் 'அசுவத்தாமன் இறந்தான்' என்று உரக்கச் சொல்லி, 'என்கிற யானை' என்பதை மட்டும் முணுமுணுத்தாரே, அந்த ரகம். அங்கே இருந்திருந்தால் தருமரையே விசாரணைக் குழு முன்னால் நிறுத்தியிருப்பார்கள். செய்யப்போகும் காரியம் சரியா என்று பார்க்க கேடட்டுகளுக்கு மூன்று கேள்விகள் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதனால் யாராவது ஏமாறுகிறார்களா, ஏமாற இடம் கொடுக்கிறேனா? எனக்கோ இன்னொருவருக்கோ உரிமையில்லாத அனுகூலம் இதனால் கிடைக்கிறதா? இதே காரியத்தை எனக்கு யாராவது செய்தால் எனக்கு மனக்குறை இருக்காதா? என் அட்டையை இந்த மூன்றின் முன்னால் வைத்துப் பார்த்தேன். முள் பச்சையில் நின்றது நூற்றுக்கு நூறு உண்மை. முந்தைய இரண்டு மாதமும் அது பச்சையில்தான் இருந்திருக்கும் என்பதும் பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்தக் கையெழுத்து முள்ளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அன்றைய தேதியில் ஒரு மனிதன் அங்கே வந்து நின்று பார்த்தான் என்று சொல்கிறது. யானையை நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

பத்தொன்பது மாதம் யாரும் பேசாமல்

வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது, ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1802-இல் தொடங்கிய அந்த அகாதமியில் 'அதிகாரியின் வாக்கு போதும், சாட்சி வேண்டாம்' என்ற பழைய கனவான் மரபுதான் விதியாக இருந்தது. மீறினவர்களை மாணவர்களே ரகசியமாகக் குழு கூடி விரட்டினார்கள். ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தர் அகாதமியின் தலைவராக இருந்தபோது, 1922-இல், அந்த ரகசியக் குழு அதிகாரபூர்வமான கௌரவக் குழுவாக மாறியது. சகித்துக்கொள்ளக் கூடாது என்பது எப்போதும் வழக்கத்தில் இருந்ததுதான். விதியின் வாசகத்துக்குள்ளேயே அது எழுதிச் சேர்க்கப்பட்டது 1970-இல். இந்த 1970-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

நான் வாக்குவாதத்தில் சொன்னதற்கு ஆதாரம் தேடினால் கொட்டிக்கிடக்கிறது. 1951-இல் நடந்ததைப் பாருங்கள். மாணவர்கள் இரண்டு ரெஜிமென்ட்டாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒரே கேள்வித்தாள் ஒரு பிரிவுக்கு இன்றைக்கும் இன்னொரு பிரிவுக்கு மறுநாளும் தரப்பட்டது. இன்றைக்கு எழுதினவன் நாளைக்கு எழுதப்போகிறவனிடம் கேள்வியைச் சொன்னான். பயிற்சியிலேயே பொழுது போய்விடும் ஃபுட்பால் அணிக்காரர்களிடையே அது பரவியது. ஏறத்தாழ 90 பேர் வெளியேற்றப்பட்டார்கள். கேள்வியை வாங்காமல், விஷயம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்ததற்காகவே போனவர்களும் அதில் உண்டு. அணியின் பயிற்சியாளருடைய சொந்த மகனும் வெளியே போனார். சரி, ஒரே கேள்வித்தாளை இரண்டு நாள் கொடுத்த மகானுபாவர்களை யார் வெளியேற்றினார்கள்? யாருமில்லை. மாணவன் கௌரவத்தின் மேல் அத்தனை நம்பிக்கை வைத்திருந்தோம் என்று சொல்லிவிட்டால் நிர்வாகத்துக்கு அடுத்த கேள்வி வருவதில்லை.

25 வருடம் கழித்து, 1976-இல், மின்பொறியியல் பாடத்தில் அறைக்கு எடுத்துப்போய் எழுதித் தரவேண்டிய ஒரு தாள் எண்ணூறு பேருக்கு மேல் தரப்பட்டது. தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. விடைகள் ஒன்றின் ஜாடையில் இன்னொன்று இருப்பதைத் திருத்தியவர்கள் கவனித்தார்கள். 152 பேர் போனார்கள். அவர்களில் 98 பேர் பிறகு திரும்பி வந்து படிப்பை முடித்தார்கள். அவர்களைத் திரும்ப எடுக்கலாம் என்று சொன்னது அப்பல்லோ 8-இன் தளபதியாக நிலவைச் சுற்றிவந்த ஃபிராங்க் போர்மன் தலைமையிலான குழு. அவரும் அங்கேயே படித்தவர். குற்றத்தில் அகாதமிக்கும் பங்கு உண்டு என்று அந்தக் குழு எழுதியது. தப்பு செய்தால் ஒரே தண்டனை, வெளியேற்றம்தான் என்ற பழைய கணக்கும் அதற்குப் பிறகு தளர்ந்தது. தளர்த்தினால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2020-இல், தொற்றுக்காலத்தில் இணையவழி நடந்த கணிதத் தேர்வில் 73 பேர் மீது புகார் வந்தது. ஒப்புக்கொண்டால் இன்னொரு வாய்ப்பு என்றிருந்த ஏற்பாட்டை மறுவருடம் நிறுத்திவிட்டார்கள். இறுக்கிப் பிடிப்பது, தளர்த்துவது, மறுபடி இறுக்குவது. நூறு வருடமாக இதே ஊஞ்சல்.

ஆனால் எண்களைவிட என்னை உலுக்கியது ஒரே ஒரு ஆளின் கதை. 1971-இல் ஒரு கேடட் மீது குற்றச்சாட்டு வருகிறது. தேர்வில் நேரம் முடிந்தது, பேனாவைக் கீழே வை என்று சொன்ன பிறகும் எழுதினாராம். மாணவர் குழு குற்றவாளி என்றது. நடைமுறைக் குளறுபடியால் மேலிடம் அதை ரத்து செய்தது. அவர் போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். அதற்குப் பெயர்தான் 'மௌனம்'. பத்தொன்பது மாதம், ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் வளாகத்தில் அலுவல் விஷயம் தவிர ஒருவரும் அவரிடம் வாய்திறந்து பேசவில்லை. தனி அறை, தனிச் சாப்பாடு. 1973-இல் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். அந்த வருடமே மாணவர்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். அமெரிக்காவின் இன்னொரு ராணுவக் கல்லூரியான வர்ஜீனியா ராணுவக் கழகத்தில் வேறொரு சடங்கு இருந்தது. நள்ளிரவு கடந்து முரசு கொட்டி எல்லாரையும் எழுப்பி, வெளியேற்றப்பட்டவரின் பெயரைச் சொல்லி, இனி இந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அறிவிப்பார்கள். ஊர் விலக்கி வைப்பது என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுதி முடிக்காத ஒரு விடைக்காக இருபது வயதுப் பையன் மேல் இதைச் செய்துவிட்டு, இதுவும் நேர்மைக்குக் காவல் என்று நம்பியிருக்கிறார்கள். இதை வாசித்தபோது, பார்த்தாயா, நான் சொன்னது சரிதான் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கே சந்தேகம் வந்தது.

கைதட்டின வருடம்

இப்போது 1970. நாலாவது நிபந்தனை விதியில் எழுதப்பட்ட அதே வருடம் மார்ச் மாதம், அகாதமியின் தலைவராக இருந்த மேஜர் ஜெனரல் சாமுவேல் கோஸ்டர் பதவியை விட்டு இறங்கினார். வியட்நாமில் 'அமெரிக்கல்' என்ற டிவிஷனுக்கு அவர் தளபதியாக இருந்தபோது, 1968 மார்ச் 16 அன்று, அந்த டிவிஷனின் சிப்பாய்கள் மை லாய் பகுதியில் கிழவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் குவித்தார்கள். வியட்நாமின் நினைவிடத்தில் 504 பெயர்கள் இருக்கின்றன. ராணுவத்தின் அன்றைய அறிக்கையிலோ 128 எதிரிகளைக் கொன்ற வெற்றி. அதை மூடிமறைத்ததில் பங்கு என்று கோஸ்டர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பிறகு வழக்கு கைவிடப்பட்டது. ஒரு படி பதவியிறக்கம், பதக்கம் பறிப்பு என்று முடிந்தது. அவரும் அதே வெஸ்ட் பாயின்ட்டில் 1942-இல் தேறியவர். அதே விதியின் கீழ் வளர்ந்தவர்.

போவதற்கு முன்னால் சாப்பாட்டுக் கூடத்தில் மாணவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். வந்து நசுக்குகிறவர்களிடம் தளர்ந்துவிடாதீர்கள் என்ற பொருளில், கொஞ்சம் கொச்சையாக, ஒரு வார்த்தையும் சொன்னார். கூடமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்குள் நின்றுவிட்டது. நேரம் முடிந்தபின் இரண்டு வரி எழுதியவரை அடுத்த வருடமே பேசாமல் கொல்லப்போகிற கூட்டம் அது. அந்தப் பிள்ளைகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவனைச் சகித்துக்கொள்ளாமல் இருக்க அவர்களுக்குப் பயிற்சி இருந்தது, குழு இருந்தது, சடங்கு இருந்தது. தோளில் நட்சத்திரம் வைத்தவரைச் சகித்துக்கொள்ளாமல் இருக்க எதுவும் இல்லை. பாசமும் விசுவாசமும் அந்தப் பக்கம் திரும்பினால் அதற்குப் பெயர் மரியாதை.

அதே மார்ச் 16 காலையில் அந்தக் கிராமத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்தவர் ஹ்யூ தாம்ப்ஸன், வாரன்ட் ஆபீசர். எந்த அகாதமியிலும் படித்தவரல்ல. ஒப்பிக்க அவருக்கு விதி எதுவும் இல்லை. கீழே நடப்பது புரிந்ததும், ஓடிக்கொண்டிருந்த கிராமத்தாருக்கும் துரத்திக்கொண்டிருந்த தம் நாட்டுச் சிப்பாய்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். இவர்கள் மேல் சுட்டால் நீ நம்ம ஆட்களைச் சுடு என்று தன் துப்பாக்கிக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். தளத்துக்குத் திரும்பியதும் தன் மேலதிகாரிகளிடம் கத்தித் தீர்த்தார். அந்தப் புகாருக்குப் பிறகு அன்றைக்குச் சுடுவதை நிறுத்தும்படி உத்தரவு போனது. ஊருக்கு வந்தபின் அவருக்குக் கிடைத்தது என்ன? கொலைமிரட்டல், வாசலில் செத்த பிராணிகள். விசாரணையில் தண்டிக்கப்பட வேண்டியவர் இவர் ஒருவர்தான் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் சொன்னார். நடந்ததை மறைக்காமல் சொல்லி ராணுவம் அவருக்கும் கூட இருந்த இருவருக்கும் பதக்கம் கொடுக்க 1998 ஆனது. அதற்குள் இருவரில் ஒருவர் இறந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. பிற்காலத்தில் தாம்ப்ஸனை ராணுவ அகாதமிகளே மாணவர்களிடம் பேசக் கூப்பிட்டன.

காட்டிக்கொடுத்தவன் என்கிற வார்த்தையை இவர் மேல் ஒட்டிப்பார்த்தேன். ஒட்டவில்லை. மூன்று வாரம் முன்பு நான் கேட்ட கேள்வி, கூடப் படுத்துக் கூடப் புரண்டவனைப் போட்டுக்கொடுப்பதா என்பது. தாம்ப்ஸன் செய்தது அதைத்தான். தன் ஆட்களுக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பவும் தயாராக இருந்தார். பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே என்ற மூன்றையும் ஒருவன் சுத்தமாகக் கடைப்பிடித்துக்கொண்டே அந்தக் கிராமத்தின் ஓரத்தில் சும்மா நின்றிருக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் நின்றார்கள்.

கையெழுத்துக்கு என்ன விலை

2015-இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியின் இரண்டு பேராசிரியர்கள், லியனார்ட் வாங்கும் ஸ்டீபன் கெராஸும், ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நமக்கு நாமே பொய் சொல்லிக்கொள்கிறோம் என்பதுதான் தலைப்பின் சாரம். அதற்கு முன்னால் 2002-இலேயே வாங் ஒரு கணக்கு போட்டிருந்தார். 'கம்பெனி' எனப்படும் சிறு படைப்பிரிவின் தளபதிக்கு வருடத்தில் பயிற்சிக்குக் கிடைக்கும் நாட்கள் 256. மேலிருந்து வந்த கட்டாயப் பயிற்சிகளை எல்லாம் செய்து முடிக்கத் தேவைப்படும் நாட்கள் 297. நாற்பத்தோரு நாள் எங்கிருந்து வரும்? கையெழுத்திலிருந்து வரும். செய்யாத பயிற்சியைச் செய்ததாக எழுதுவார்கள். எழுதுகிறவருக்குத் தெரியும், வாங்கிக்கொள்கிறவருக்கும் தெரியும். நான்கு வருடம் அந்த ஒரு வரியை ஒப்பித்து வளர்ந்த அதிகாரிகளும் இதில் அடக்கம். கேட்டால் பொய் என்ற வார்த்தையை யாரும் பயன்படுத்துவதில்லை. 'டிக் அடித்துவிட்டேன்' என்பார்கள். பழகப் பழக நெஞ்சு மரத்துப்போகிறது என்கிறார்கள் இருவரும். இதை வாசித்தபோது வியட்நாம் எல்லாம் போய், கையில் மை இழுவிய அட்டைதான் கண்ணுக்குள் வந்தது.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. அன்னாபொலிஸில் இருக்கும் அமெரிக்கக் கடற்படை அகாதமி இதே விஷயத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதிவைத்திருக்கிறது. 1951-இல் மாணவராக இருந்த ராஸ் பெரோ (பிற்காலத்தில் ஜனாதிபதி தேர்தலில் நின்றாரே, அவரேதான்) கைவைத்து உருவான ஏற்பாடு அது. அங்கே விதி என்று சொல்லமாட்டார்கள், கருத்தாக்கம் என்பார்கள். சகித்துக்கொள்ளாதே என்ற வாசகம் அதில் இல்லை. தப்பைப் பார்த்தவன் நேரே போய்ப் புகார் கொடுக்கலாம். அல்லது முதலில் செய்தவனிடமே போய் நீ செய்தது இது, எனக்குத் தெரியும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மேலே கொண்டுபோவதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யலாம். பார்த்துவிட்டுப் பேசாமல் போவதுதான் கூடாது. இதற்குப் பிறகும் அங்கே காப்பியடித்தல் நடக்காமல் இல்லை, 2020-இல் இயற்பியல் தேர்வில் நடந்தது. ஆனாலும் அந்த நடுவழி என்னைப் பிடித்துக்கொண்டது. போட்டுக்கொடுப்பது, கண்டும் காணாமல் இருப்பது என்ற இரண்டு வழிதான் உண்டு என்று நினைத்துத்தான் நான் வாக்குவாதமே செய்திருந்தேன்.

அடுத்த வாரம் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும்போது அவனிடம் கேட்டேவிட்டேன். "நீதான் அந்த நாலாவது வரியை அவ்வளவு பெருசா பேசுவியே, அன்னைக்கு நான் செஞ்சதைப் பார்த்துட்டு ஏன்டா யார்கிட்டயும் சொல்லலை?"

அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அதான் உங்ககிட்ட கேட்டேனே அண்ணா" என்றான்.

நான் அதைக் கேள்வி என்று நினைத்திருந்தேன். அவன் ஆறு மாத வேலை, நான் பதினோரு வருடம். அவனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மேலாளர் கேட்டால் பதில் சொல்லப்போகிறவனே நான்தான். அந்த இடத்தில் நின்றுகொண்டு, டார்ச் வெளிச்சத்தை அட்டையின் மேலிருந்து அசைக்காமல், அவனால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொல்லியிருக்கிறான். 'ம்' என்றது ஒப்புதல் என்று நினைத்து நான்தான் நிம்மதியாகப் படி இறங்கியிருக்கிறேன். அவன் வயதில், அவன் இடத்தில் நான் எத்தனை அட்டைகளைப் பார்த்திருப்பேன் என்று எண்ணிப்பார்த்தேன். எண்ணிக்கை நினைவில்லை. ஒன்றில்கூட வாய் திறந்ததில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதை அப்போது நட்பு என்று சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கே மாடி ஏறினேன். தனியாகத்தான் போனேன். முந்தைய இரண்டு மாதக் கட்டங்களில் இருந்த கையெழுத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டேன். கட்டம் சின்னது, எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு கோணல்மாணலாக விழுந்தது. முள் அதே பச்சையில் நின்றது. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம். சிவப்பில் நின்றிருந்தால் செய்த தப்புக்கு ஒரு எடை இருந்திருக்கும்.

போன வாரம் மேலாளர் எதற்கோ மூன்றாவது மாடிக்குப் போயிருக்கிறார். இறங்கிவந்து என்னைக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை, நல்ல மனுஷன். "என்னப்பா இது, அடுத்த ஆடிட்ல யாராச்சும் பார்த்தா நம்மளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும். பழசைத் தூக்கிப் போட்டுட்டு புது அட்டை ஒண்ணு மாட்டு. தேதியெல்லாம் சரியாப் போட்டு" என்றார். மேசைக்குள்ளிருந்து புது அட்டை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். சரி சார் என்றேன். அவன் அப்போது கதவோரம் நின்று ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தான், கேட்டிருப்பான்.

புது அட்டை என் இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் மாட்டவில்லை. மேலாளரும் இன்னும் திரும்பக் கேட்கவில்லை.